வீட்டில் சும்மா கிடக்கும் பொருள்களை வைத்துப் பொம்மை வீட்டுச் சாமான்கள் செய்ய முடியுமா? எதில் தொடங்கலாம்?

நன்றாகவே முடியும். 11 வருடமாக எங்கள் வீட்டுக் கொலுவில், படிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு வைக்கிறேன். திண்ணை, முற்றம், அடுக்களை எல்லாம் உண்டு. காசு கொடுத்து வாங்கியது பசையும் பெயின்ட்டும் மட்டும்தான்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள், பொருள்களை அப்புறம் தேடலாம். முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. தீப்பெட்டியில் மேஜை, பற்பசை மூடியில் டம்ளர், சோடா மூடியில் தட்டு என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுக்களையில் சேர்த்து வைத்ததும் டம்ளர் மேஜையில் பாதி உயரத்துக்கு நின்றது. வந்தவர்கள் "செப்பு சாமான் நல்லா இருக்கே" என்றார்கள். வீடு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் 1:12 அளவை வைத்துக்கொள்கிறார்கள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். நம் ஊரில் கதவும் சுவரும் இன்னும் அடிக்கணக்கில்தானே பேசப்படுகின்றன, அதனால் மனக்கணக்காகவே வந்துவிடும். 7 அடி நிலைக்கதவு 7 அங்குலம், ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குலம். டெல்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸ், 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீடு கட்டினார். அதுவும் இதே அளவுதான். வின்ட்சர் கோட்டையில் இருக்கும் அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர்கூட வரும்.

அளவு பிடிபட்டதும் ஒவ்வொரு பொருளும் தான் என்ன என்று தானே சொல்லிவிடும். 2011-இல் வந்த வகை ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் சுமார் 22 மி.மீ. 12-ஆல் பெருக்கினால் 26 செ.மீ., அதாவது சாப்பாட்டுத் தட்டு. மாத்திரை அட்டையின் பின்பக்க வெள்ளித்தாளில் நாணயத்தை வைத்து வட்டம் வெட்டி, ஓரத்தை மட்டும் பேனா முனையால் மெல்ல அழுத்தி எழுப்புங்கள், அசல் எவர்சில்வர் தட்டு. நான் டம்ளர் ஆக்கிய பற்பசை மூடி 2 செ.மீ. உயரம். அது உண்மையில் ஒரு வாளி! ஸ்டேப்ளர் பின்னை வளைத்துக் கைப்பிடி வைத்தேன், கிணற்றடிக்குப் போய்விட்டது. டம்ளருக்கு மலிவான பால்பாயின்ட் பேனாவின் பின்பக்க அடைப்பான் சரியாக இருந்தது. ஜன்னல் கம்பிக்குத் துடைப்பத்து ஈர்க்குச்சியின் நுனிப்பகுதி.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை கூரை. பார்சல் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்துத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால், உள்ளே வரிவரியாக மடிப்பு இருக்கும். காய்ந்ததும் மடிப்புக்குக் குறுக்கே ஓர் அங்குலப் பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாக, ஒன்றின் தலைமேல் அடுத்ததன் கால் ஏறும்படி ஒட்டுங்கள். கோலத்துக்கு வாங்கிய காவியை ஃபெவிக்காலும் தண்ணீரும் விட்டுக் கரைத்துப் பூசினால் நாட்டு ஓடு. எல்லா ஓட்டுக்கும் ஒரே நிறம் வேண்டாம். அங்கங்கே கொஞ்சம் கரியைத் தொட்டுத் தேயுங்கள், மழையில் நனைந்த பழைய வீடு மாதிரி ஆகிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டுக் கூரை அப்படித்தான் இருந்தது.

பசை விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபெவிக்கால் அட்டை, மரம், துணிக்கு நல்லது, வழவழப்பான பிளாஸ்டிக்கில் பிடிக்காது. பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், பெயின்ட் அடிப்பதற்கும் அதே வழிதான். உடனே பிடிக்கும் பசையைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும்.

இன்னொன்று, குட்டி மூட்டைகளில் நிஜ அரிசி, பருப்பு போடாதீர்கள். நான் ஆசையாகத் துவரம்பருப்பு நிரப்பி வைத்து, அடுத்த புரட்டாசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்க வண்டு. துணித் திரைச்சீலை வரை அரித்திருந்தது. இப்போது சலித்த ஆற்றுமணலுக்கு மஞ்சள் பெயின்ட் பூசி உலர்த்திப் போடுகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் பருப்பேதான்.