எட்டாம் இலக்க ஜேர்சி: ஜெரார்ட் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஓய்வுபெற்ற உதைபந்தாட்ட வீரர்களில் உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு கழக வீரரைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லிவர்பூல் கழகத்தின் ஸ்டீவன் ஜெரார்ட்டைப் பற்றியவை. ஆகவே இந்த முறை இடம் முழுவதும் அவருக்கே. மற்ற வீரர்களைப் பற்றி எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கடிதங்களும் கைவசம் இருக்கின்றன.

கேள்வி: 2005 சாம்பியன்ஸ் லீக் இஸ்தான்புல் இறுதிப்போட்டியை எங்கள் ஒழுங்கையில் கேபிள் இருந்த ஒரு வீட்டில் பார்த்தோம். இடைவேளையில் 3-0. அப்பாவும் சித்தப்பாவும் "இனி என்ன பார்க்கக் கிடக்கு" என்று எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார்கள். விடிய அவர்களை நம்ப வைக்க நாங்கள் பட்ட பாடு! அந்த ஆட்டத்தில் உங்களுக்கு எது நினைவில் நிற்கிறது? (நாவாந்துறை வாசகர்)

பதில்: அவர்களைக் குறை சொல்ல முடியாது தம்பி. அந்த வருடம் இலங்கை நேரம் இன்றையதைவிட அரை மணி முன்னுக்கு இருந்தது. ஆட்டம் தொடங்கும்போதே எங்களுக்கு நள்ளிரவு தாண்டி 12.45, இடைவேளை வரும்போது ஒன்றரை மணி. முதல் நிமிடத்திலேயே மால்டினி கோல் போட்டுவிட்டார், பிறகு கிரெஸ்போ இரண்டு. எதிரில் நிற்பது ஏசி மிலான், கஃபு, நெஸ்டா, பிர்லோ, கக்கா, ஷெவ்சென்கோ எல்லோரும் இருந்த அணி. விடிய வேலைக்குப் போகிறவர்கள் படுக்கத்தான் போவார்கள்.

எல்லோரும் சொல்வது 54ஆம் நிமிடக் கோலைத்தான், சொல்லத்தான் வேண்டும். இடது பக்கத்திலிருந்து ரீசே தூக்கிப் போட்ட முதல் பந்து தடுபட்டுத் திரும்பி அவரிடமே வந்தது, இரண்டாம் முறை போட்டார், ஜெரார்ட் பின்னுக்குச் சாய்ந்தபடி தலையால் மூலைக்குத் திருப்பிவிட்டார். அது கோலானதும் அவர் செய்ததை வடிவாகப் பாருங்கள். ஒருவரையும் கட்டிப்பிடிக்க நிற்கவில்லை. நடுக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டே இரண்டு கைகளையும் கீழிருந்து மேலே, மேலே என்று வீசி, அரங்கில் இருந்த லிவர்பூல் சனத்தை எழுப்பினார். 3-1 பின்னால் நிற்கிற அணியின் தலைவர் அவர், வயது 24. இரண்டு நிமிடத்தில் ஸ்மிசர் தூரத்திலிருந்து அடித்தார். அடுத்து பெட்டிக்குள் புகுந்த ஜெரார்ட்டை கட்டூசோ பின்னாலிருந்து விழுத்த பெனால்டி. ஷாபி அலோன்சோ அடித்ததை மிலான் கோல் காப்பாளர் டிடா தடுத்தார், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே உள்ளே தள்ளினார். ஆறு நிமிடத்தில் 3-3.

ஆனால் என் மனதில் அதிகம் நிற்பது அதற்குப் பிறகு நடந்தது. மிலான் புதிதாக இறக்கிய செர்ஜின்யோ இடது ஓரத்தால் திரும்பத் திரும்பப் புகுந்துகொண்டிருந்தார். அவரை மறிக்க ஜெரார்ட் வலது பின்களத்துக்குப் போனார். அணியைத் தூக்கி நிறுத்திய தலைவர், முன்னால் நின்று இன்னொரு கோல் தேட வேண்டியவர், மேலதிக நேரத்தில் கால்கள் செத்துப்போன நிலையில் ஓரக்கோட்டில் சறுக்கிச் சறுக்கிப் பந்தைப் பறித்துக்கொண்டிருந்தார். சுருக்கக் காணொளிகளில் இது வராது. பெனால்டி உதைகளில் ஐந்தாவது ஆளாக அவர்தான் நின்றார், அவர் முறை வருவதற்கு முன்பே லிவர்பூல் கோல் காப்பாளர் டூடெக் ஷெவ்சென்கோவின் உதையைத் தடுத்துவிட்டார். அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் சொல்லுங்கள், அந்த மேலதிக நேரத்துக்காகவாவது முழு ஆட்டத்தையும் ஒருதரம் பார்க்கச் சொல்லி.

கேள்வி: அவருடைய சிறந்த கோல் எது? ஒரு வரியில் சொல்லுங்கள். (பருத்தித்துறை வாசகர்)

பதில்: 2006 எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டி, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மேலதிக நிமிடங்களில் அடித்தது.

ஒரு வரியோடு விட மனமில்லை. கார்டிஃப் அரங்கம், வெஸ்ட் ஹாம் 3-2 முன்னிலை, 90 நிமிடமும் முடிந்துவிட்டது, களத்தில் பலர் கால் பிடித்துக்கொண்டு நடக்கவே கஷ்டப்படுகிறார்கள். பெட்டிக்குள் போன ஒரு பந்தைப் பின்களம் தலையால் வெளியே தள்ள, அது துள்ளித் துள்ளி ஜெரார்ட்டின் காலடிக்கு வந்தது. கோலுக்கு ஏறத்தாழ 35 யார் தூரம். நிறுத்திப் பார்க்கவில்லை, வந்த வேகத்திலேயே அடித்தார், நிலத்தை ஒட்டியபடி போய்க் கம்பத்துக்கு அருகால் உள்ளே இறங்கியது. பிறகு பெனால்டியில் லிவர்பூல் வென்றது. அன்று வெஸ்ட் ஹாமின் வலது பின்களத்தில் நின்றவர் லியோனல் ஸ்கலோனி, ஆம், 2022இல் ஆர்ஜென்டினாவுக்கு உலகக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த அதே பயிற்றுநர்தான். அவர் சரியாகத் தூர அடிக்காத பந்தில்தான் அந்த நகர்வு தொடங்கியது.

கேள்வி: நான் பாடசாலை மகளிர் அணியில் மத்திய களத்தில் விளையாடுகிறேன். ஜெரார்ட் விளையாடிய காலத்தில் நான் சின்னப்பிள்ளை, யூரியூப்பில்தான் பார்க்கிறேன். அவரிடமிருந்து என்ன பழகலாம்? (தெல்லிப்பளை மாணவி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. கோல்களை வெட்டி ஒட்டிய காணொளிகளை விட்டுவிட்டு ஏதாவது ஒரு முழு ஆட்டத்தை எடுங்கள், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன் அவர் தலை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பந்து காலில் பட்டபோது அடுத்து எங்கே என்பது முடிவாகியிருக்கும். வலது பக்கம் நின்றுகொண்டு எதிர் ஓரத்தில் ஓடுகிறவரின் காலடிக்கு நாற்பது யார் பந்தை அவரால் போட முடிந்தது கால் பலத்தால் மட்டும் இல்லை, அந்தப் பார்வையால்தான். இதைப் பழக மைதானம்கூடத் தேவையில்லை, இருவர் நடுவில் நின்று பந்து வாங்கும்போது பின்னால் ஒருவர் விரலைத் தூக்கிக் காட்டட்டும், எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பந்தை வாங்குங்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து மைதானங்கள் பல இறுகிய மண்தரை, பந்து உருளாது, துள்ளும். அதை வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜெரார்ட்டின் நல்ல கோல்கள் பல, பந்து நிலத்தில் பட்டு எழும்பும் அந்தக் கணத்தில் அடித்தவை. கணுக்காலை இறுக்கி, உடம்பைப் பந்துக்கு மேலே கொண்டுவந்து, கண்ணைப் பந்திலேயே வைத்து அடித்துப் பழகுங்கள். உடம்பு பின்னுக்குச் சாய்ந்தால் பந்து மதிலுக்கு அந்தப் பக்கம்தான்.

அவருடைய கோபத்தை மட்டும் எடுக்காதீர்கள். 2015 மார்ச்சில் மன்செஸ்டர் யுனைட்டடுக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு மாற்று வீரராக வந்தவர், 38 செக்கனில் எதிராளியின் காலை மிதித்துச் சிவப்பு அட்டை வாங்கினார். அணிக்குத் தோல்வி. உடனே வெளியில் வந்து மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: விசுவாசம் விசுவாசம் என்கிறீர்கள். 2005இல் செல்சிக்குப் போக வெளிக்கிட்டவர்தானே? (மானிப்பாய் வாசகர்)

பதில்: ஓம், உண்மைதான். கிண்ணம் வென்று ஆறு கிழமைகூட ஆகவில்லை, கழகத்தோடு ஒப்பந்தப் பேச்சு முறிந்து, விலகப்போவதாக அறிவித்தார். லிவர்பூல் தெருவில் அவர் பெயர் போட்ட ஜேர்சியை எரித்தார்கள். ஒரே நாளுக்குள் மனம் மாறிப் புதிய ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். இதை மறைத்துவிட்டு அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. மறைக்கத் தேவையுமில்லை, செல்சி அந்தக் காலத்தில் பிரீமியர் லீக்கைத் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தது, போயிருந்தால் அவர் கையில் லீக் பதக்கம் இருந்திருக்கும். அந்தப் பதக்கம் இல்லாமலே 710 ஆட்டங்களும் 186 கோல்களுமாக லிவர்பூலில் முடித்தார்.

ஏன் நின்றார் என்பதற்கு அவர் வளர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். லிவர்பூலை ஒட்டிய ஹைட்டன் என்ற ஊர்ப் பெடியன், ஒன்பது வயதிலேயே கழகத்தின் பயிற்சிக்கு வந்தவர். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கினார்கள். அதில் உயிரிழந்தோர் இன்று 97 பேராகக் கணக்கிடப்படுகிறார்கள். அவர்களில் ஆகக் குறைந்த வயது ஜோன்-போல் கில்ஹூலிக்கு, பத்து வயது. ஜெரார்ட்டின் ஒன்றுவிட்ட அண்ணன். பொலிஸார் பழியை ரசிகர்கள் மீதே போட்டார்கள், அவர்கள் மீது தவறில்லை என்றும் அது சட்டவிரோதமான கொலை என்றும் 2016இல்தான் விசாரணை மன்று தீர்ப்புச் சொன்னது. 27 வருடம் தாய் தகப்பன்மார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பதில் கேட்டுக் காத்திருப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அந்த அண்ணனை நினைத்துத்தான் விளையாடினேன் என்று ஜெரார்ட் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பாடும் மீன், சென் மேரிஸ், சென் அன்ரனிஸ், யங் ஹென்றீஸ் என்று கழகப் பெயரைச் சொன்னாலே ஊர் தெரிந்துவிடும் எங்களுக்கு, இப்படி ஒருவரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. இன்னும் நல்ல அணி கூப்பிட்டும் ஊர்க் கழகத்தை விடாமல் விளையாடியவர்களை எங்கள் கடற்கரைப் பக்கத்து மைதானங்களில் நிறையவே பார்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகன். பகிடிக்கு இல்லை, மனதாரத்தான் கேட்கிறேன். 2014இல் வழுக்கி விழுந்ததை வைத்து அவரை நினைப்பது நியாயமா? (இளவாலை வாசகர்)

பதில்: நியாயமில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2014 ஏப்ரல் 27, ஆன்ஃபீல்டில் செல்சிக்கு எதிரான ஆட்டம். அதற்கு முன் பதினொரு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த லிவர்பூலுக்கு 1990க்குப் பிறகு முதல் லீக் பட்டம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. முதல் பாதி முடியும் தறுவாயில், சாகோ பக்கவாட்டில் தந்த சாதாரணமான ஒரு பந்து ஜெரார்ட்டின் காலுக்கு அடியால் நழுவியது, திரும்பி எட்டிப் பிடிக்கப் போனவர் வழுக்கி விழுந்தார், செல்சியின் டெம்பா பா தனியே ஓடிப்போய்க் கோல் போட்டார். ஆட்டம் 0-2. எதிரணி ரசிகர்கள் பாட்டுக் கட்டினார்கள், இன்றும் பாடுகிறார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். அந்தக் கோலுக்குப் பிறகு முழு இரண்டாம் பாதியும் மீதமிருந்தது, பதினொரு பேரும் சேர்ந்து ஒரு கோல்கூடப் போடவில்லை. எட்டு நாள் கழித்து கிறிஸ்டல் பலஸுக்கு எதிராக 3-0 முன்னிலையில் இருந்து 3-3 ஆக விட்டார்கள். அந்தப் பருவத்தில் 101 கோல் போட்ட அணி 50 கோல் வாங்கியது. மன்செஸ்டர் சிட்டி 86 புள்ளி, லிவர்பூல் 84. பட்டம் போனது ஓட்டைப் பின்களத்தால், ஒருவரின் காலணியால் இல்லை.

இதைச் சொன்ன பிறகும் அந்த நாளில் அவர் மீது எனக்கு ஒரு விமர்சனம் உண்டு, அது வழுக்கியதைப் பற்றியது அல்ல. இரண்டாம் பாதியில் அவர் தூரத்திலிருந்து திரும்பத் திரும்ப அடித்தார், பந்து மேலாலும் பக்கத்தாலும் கோல் காப்பாளரின் கைக்கும் போய்க்கொண்டே இருந்தது. சுவாரெஸ் முன்னால் நிற்கிறார், பொறுமையாகக் கட்டி விளையாட நேரமும் இருந்தது. ஆனால் தன்னால் வந்ததைத் தானே சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவரை விடவில்லை. அதே குணம்தான் இஸ்தான்புல்லில் கைகளை வீசவைத்தது, கார்டிஃபில் 35 யாரிலிருந்து அடிக்கவைத்தது. பாரம் முழுவதையும் தன் தலையில் எடுத்துக்கொள்கிறவர், சில நாட்களில் அது பலித்தது, அன்று பலிக்கவில்லை. இஸ்தான்புல்லை மட்டும் எனக்குத் தா, செல்சி ஆட்டத்தை எடுத்துக்கொள் என்று கேட்க முடியாது, இரண்டும் ஒரே ஆள். யுனைட்டட் ரசிகராக இருந்துகொண்டு இதைக் கேட்டதற்கு உங்களுக்கு என் மரியாதை.

கேள்வி: மகனுக்குப் பத்து வயது, சாலா என்றால் உயிர். ஜெரார்ட்டின் எந்த ஆட்டத்தை முதலில் காட்டலாம்? (சுன்னாகம் வாசகி)

பதில்: அக்கா, இஸ்தான்புல்லின் முடிவை அவன் ஏற்கெனவே எங்காவது கேட்டிருப்பான். 2004 டிசம்பர் 8, அதே சாம்பியன்ஸ் லீக் பருவத்தில் கிரேக்கக் கழகமான ஒலிம்பியாகோஸுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் போட்டுவிடுங்கள். ரிவால்டோவின் ஃப்ரீ கிக்கில் லிவர்பூல் 0-1 பின்னால் நிற்கும், கடைசிக் கோலை 86ஆம் நிமிடத்தில் யார் எப்படி அடிக்கிறார் என்பதைச் சொல்லிவிடாதீர்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அடுத்த சுற்றுக்குப் போக அன்று வெற்றி மட்டும் போதாது, இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும். இல்லாவிட்டால் 2-1 ஆனதுமே வென்றுவிட்டோம் என்று எழும்பிப் போய்விடுவான்.