உள்சக்கரம் மட்டும் சுழல்கிறது: பழைய செடானில் எல்எஸ்டி போடலாமா?

கேள்வி: என்னிடம் பின்சக்கர இயக்கமுள்ள பழைய செடான் இருக்கிறது, மேனுவல் கியர். வளைவில் திரும்பிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுகிறது. இதே மாடலின் உயர்ரக வண்டியிலிருந்து கழற்றிய எல்எஸ்டி டிஃபரென்ஷியல் (லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என் வண்டியின் ரேஷியோ (பின்சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 3.73. அதில் 4.10. அப்படியே தூக்கி மாட்டிவிடலாமா, இல்லை உள்ளே இருப்பதை மட்டும் மாற்ற வேண்டுமா? தினமும் ஓட்டும் வண்டி, மழையிலும் ஓட்டுவேன்.

பதில்: மாட்டலாம். ஆனால் ரேஷியோவைப் பற்றிக் கவலைப்படும் முன் அது எந்த வகை எல்எஸ்டி என்று விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. மழையில் தினமும் ஓட்டுபவருக்கு ரேஷியோவைவிட அதுதான் முக்கியம்.

முதலில், உங்கள் வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். எல்லா விசையும் சுழலும் சக்கரத்துக்கே போய்விடுகிறது என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்வதால் உள்சக்கரத்தின் பிடி குறைகிறது. அது 100 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்கும் என்றால், வெளிச்சக்கரம் 400 தாங்கும் நிலையில் இருந்தாலும் அதற்கும் 100தான் கிடைக்கும். மிச்ச சக்தியெல்லாம் உள்சக்கரத்தைச் சுற்றுவதில் வீணாகிறது.

இதை மூன்று நான்கு விதமாகச் சரிசெய்திருக்கிறார்கள். தட்டு வகையில் உராய்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளேயுள்ள சரிவான வெட்டுகள் அந்தத் தட்டுகளை இறுக்கி, இரண்டு ஆக்ஸிலையும் கட்டிப்போடப் பார்க்கும். மிதிக்கும்போது மட்டும் இறுக்குவது ஒருவழி. காலை எடுத்தாலும் அதே அளவு இறுக்குவது இருவழி. நடுவில் ஒன்றரைவழி என்றும் ஒன்று உண்டு. பல் வகை என்பது ஹெலிக்கல் டிஃபரென்ஷியல். டார்சன், க்வைஃப் என்ற பிராண்டுப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் உராய்வுத் தட்டு அடுக்கு கிடையாது. சாய்வாக வெட்டிய பற்கள் சுமையில் ஒன்றையொன்றும் கூட்டின் சுவரையும் அழுத்தி, அந்த உராய்வால் பிடி உள்ள பக்கம் அதிக விசையை அனுப்பும். பிடி உள்ள பக்கத்துக்கு எத்தனை மடங்கு விசை போகும் என்ற விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், உள்சக்கரம் 100 தாங்கும்போது வெளிச்சக்கரத்துக்கு 250 வரை போகும். மொத்தம் 200 ஆக இருந்தது 350 ஆகிறது. பிசுபிசுப்பான சிலிக்கோன் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகையும் இருக்கிறது. பழசானால் அதன் பிடி மெல்லச் செத்துப்போய் சாதாரண டிஃபரென்ஷியல்போல ஆகிவிடும், பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லாதபடி மூடிய உறை. நிறைய ஓடிய விஸ்கஸுக்கு நான் பணம் தரமாட்டேன்.

ஹெலிக்கலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பெருக்கித்தான் கொடுக்கும். பூஜ்யத்தை 2.5 ஆல் பெருக்கினால் பூஜ்யம்தானே? உள்சக்கரம் தரையைவிட்டு முழுசாகத் தூக்கிக்கொண்டால் அதுவும் கைவிட்டுவிடும். தட்டு வகையில் முன்கூட்டியே வைத்த இறுக்கம் இருப்பதால் அந்த நேரத்திலும் கொஞ்சம் விசை மறுபக்கம் போகும். உங்கள் வண்டியில் யாராவது பின்னால் தடிமனான ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். உள்சக்கரத்தைத் தூக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பழைய மெல்லிய பாரைத் திரும்பப் போட்டதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டயர் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிட்டு அப்புறம் பேசுவோம்.

இப்போது மழை. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது சும்மா உருண்டுகொண்டே வண்டியின் வாலைப் பிடித்து வைத்திருக்கும். எல்எஸ்டி போட்டபின் பிடி விட்டால் இரண்டும் சேர்ந்து விடும், பின்பக்கம் சட்டென்று வெளியே வரும். இழுவை கூடுகிறது, பிழைக்கு இடம் குறைகிறது. ஹெலிக்கல் இதில் கொஞ்சம் மென்மையானது. இறுக்கமாக அமைத்த இருவழித் தட்டு வகை ஈரத் தரையில் காலை எடுத்தாலும் பூட்டிக்கொண்டு, திருப்பத் திருப்ப நேராகவே போகப் பார்க்கும். பந்தயத் தடத்தில் அது வேண்டியிருக்கலாம். தினசரிப் பயணத்துக்கு ஹெலிக்கல், அது கிடைக்காவிட்டால் கம்பெனியே மிதமாக அமைத்துக் கொடுத்த தட்டு வகை. இதுதான் என் தேர்வு.

விற்பவருக்கே வகை தெரியாமல் இருக்கலாம். எண்களைப் பாருங்கள். பழைய பிஎம்டபிள்யூவில் பின்மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், ரேஷியோவுக்கு முன்னால் 'எஸ்' என்று அடித்திருந்தால் அது எல்எஸ்டி. நிஸானின் ஆர்180, ஆர்200 என்ற பெயர்கள் கிரவுன் வீலின் (டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) விட்டத்தை மி.மீ. கணக்கில் சொல்கின்றன, எல்எஸ்டியா இல்லையா என்பதை அல்ல. பழைய வால்வோக்களில் ஜி80 என்ற ஒன்று வரும். அதையும் எல்எஸ்டி என்றே விற்பார்கள், ஆனால் அது குறைந்த வேகத்தில் ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் பூட்டும் சாதனம். மணிக்கு சுமார் 40 கி.மீ.க்கு மேல் பூட்டாது. வளைவில் உங்களுக்கு உதவாது.

கையில் வைத்தும் சோதிக்கலாம். பினியனை (கிரவுன் வீலைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) நகராமல் பிடித்துக்கொண்டு ஒரு பக்க ஆக்ஸில் முனையைத் திருப்புங்கள். மறுமுனை எதிர்த்திசையில் லேசாகச் சுற்றினால் சாதாரண வகை அல்லது முழுசாகத் தேய்ந்த எல்எஸ்டி. கையால் அசைக்கவே முடியாமல் இறுக்கமாக இருந்தால் தட்டு வகை. ஹெலிக்கல் மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும். சுமை இல்லாதபோது அதுவும் எதிர்த்திசையில்தான் சுற்றும், கொஞ்சம் கனமாக. அதனால் பின்மூடியைத் திறந்து பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். திறந்ததும் எண்ணெய் வடிக்கும் காந்தத் திருகைத் தொடுங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் குத்துகிற செதில் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, வேண்டாம்.

சரி, ரேஷியோ. 4.10ஐ 3.73ஆல் வகுத்தால் 1.10. அதாவது ஒவ்வொரு கியரிலும் இன்ஜின் 10 சதவீதம் அதிகமாகச் சுற்றும். இப்போது நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் 2,800 சுற்று என்றால் இனி 3,080. கிளம்பும்போது சுறுசுறுப்பாக இருக்கும், தூரப் பயணத்தில் சத்தமும் எரிபொருள் செலவும் கூடும். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிற வண்டியானால் 100இல் போகும்போது 110 காட்டும், ஓடிய தூரமும் அப்படியே கூடிப் பதிவாகும். சக்கரத்திலுள்ள ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகத்தை எடுக்கிற வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில மாடல்களில் பின்பக்க ஏபிஎஸ் சென்சாரே டிஃபரென்ஷியலில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஹவுசிங்கிலும் (டிஃபரென்ஷியலின் வெளிப்பெட்டி) அந்த இடம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 3.73 என்று நீங்கள் சொல்வதும் ஆவணத்தில் பார்த்ததா, எண்ணியதா? பின்சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் உயர்த்தி, நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்கு வரும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் உங்கள் ரேஷியோ. முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும்.

இந்த 10 சதவீதம் பரவாயில்லை என்றால் முழு டிஃபரென்ஷியலையும் அப்படியே மாற்றுவதுதான் சுலபம். முதல்முறை செய்பவருக்கு நான் அதையே சொல்வேன். தொழிற்சாலையில் அமைத்த பல்லிணைப்பு கெடாமல் வந்து சேரும். சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. ஹவுசிங்கைத் தாங்கும் போல்ட் இடங்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃப்ளாஞ்சின் (போல்ட் மாட்டும் வட்ட முகப்பு) துளைகள், பக்கத்து ஃப்ளாஞ்சுகள், ஆக்ஸில் முனையின் பல் எண்ணிக்கை. சில எல்எஸ்டிக்குள் போகும் குட்டி ஆக்ஸில்கள் சாதாரணத்தில் உள்ளதைவிட நீளம் மாறுபடும். அதனால் அவற்றையும் டிஃபரென்ஷியலோடு சேர்த்தே வாங்குங்கள். உங்கள் வண்டியில் பின்னால் திட ஆக்ஸில் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அமைப்பு) என்றால் முழு ஆக்ஸிலையே மாற்றும்படி ஆகலாம். அப்போது அகலமும் பிரேக்கும் பொருந்த வேண்டும்.

3.73ஐ விட மனமில்லை என்றால், உங்கள் ஹவுசிங், உங்கள் கிரவுன், உங்கள் பினியன் எல்லாம் அப்படியே இருக்க, நடுவிலுள்ள எல்எஸ்டி கூட்டை மட்டும் போடலாம். அதற்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை: பினியனைத் தொடாதீர்கள். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான அளவு. அதைக் கழற்றாதவரை அது மாறாது. மிஞ்சுவது கிரவுன் வீலை இடவலமாக நகர்த்திச் சரிசெய்வது மட்டும். கிரவுனும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துப் பழக்கிய ஜோடி, ஒன்றை மட்டும் வேறு செட்டிலிருந்து எடுத்துப் போடவே கூடாது. இன்னொன்று, சில டிஃபரென்ஷியல் குடும்பங்களில் ரேஷியோ மாறினால் கிரவுன் உட்காரும் விளிம்பின் உயரமும் மாறும். 4.10க்கான கூடு 3.73 கிரவுனுக்கு ஒத்துவராமல் போகலாம். வாங்கும் முன்பே பாக எண்ணை வைத்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கழற்றும் முன் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) கிரவுனின் ஒரு பல்லில் வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுனை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முள் ஆடுகிற அளவுதான் பல்லிடைவெளி. நான்கு இடத்தில் எடுத்து எழுதி வையுங்கள். பெரும்பாலான கார்களில் இது 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பேரிங் மூடிகள் ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை. இடது வலது மாறக் கூடாது, தலைகீழாகவும் போகக் கூடாது. கழற்றும் முன்பே சென்டர் பஞ்ச் உளியால் இடதில் ஒரு புள்ளி, வலதில் இரண்டு புள்ளி தட்டிவிடுங்கள். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையங்கள்) தனித்தனி டப்பாவில் பக்கம் எழுதிப் போடுங்கள். ஆரம்ப காலத்தில் நான் இரண்டு பக்க ஷிம்களையும் ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினேன். அன்று மாலை முழுக்க மைக்ரோமீட்டரும் கையுமாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

கிரவுனைப் புதுக் கூட்டில் ஏற்றும்போது போல்ட்டை வைத்து இழுத்து உட்காரவைக்காதீர்கள், கோணலாக ஏறும். கொதிக்கும் வெந்நீரிலோ அடுப்புப் பெட்டியிலோ சீராகச் சூடாக்கினால் தானாக உட்காரும். நெருப்பை நேராகக் காட்டக் கூடாது. இரண்டு முகங்களிலும் ஈரமோ தூசியோ இல்லாமல் துடைத்துவிட்டு, புதுப் போல்ட், மரைப் பூட்டுப் பசை, எதிரெதிராக இறுக்குதல். அப்புறம் மறுபடி டயல் கேஜ். இடைவெளி அதிகமென்றால் கிரவுனைப் பினியன் பக்கம் நகர்த்த வேண்டும். ஒரு பக்கத்தில் எடுத்த ஷிம் கனத்தை அப்படியே மறுபக்கத்தில் சேர்த்தால் பேரிங்கின் இறுக்கம் மாறாது. கடைசியில் சில பற்களில் அடையாளப் பசையைத் தடவிச் சுற்றிப் பாருங்கள். பசையில் பதியும் தடம் பல்லின் நடுவாக்கில், பழைய தேய்மானத் தடத்தின் மேலேயே விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் மூடிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊளையிடும், பிறகு பல் தின்னும். டயல் கேஜ் இல்லாதவர் இந்த வழிக்கே போக வேண்டாம். கழற்றி மாட்டுவதை நீங்களே செய்து, அமைக்கும் வேலையை மட்டும் கியர் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் விஷயம் சின்னது, ஆனால் அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். தட்டு வகைக்கு எல்எஸ்டிக்கான ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய் வேண்டும். அதில் உராய்வு மாற்றி (தட்டுகள் வெட்டி வெட்டிப் பிடிக்காமல் சீராக வழுக்கச் செய்யும் கலவை) கலந்திருக்கிறதா என்று டப்பாவைப் படியுங்கள், இல்லாவிட்டால் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மெதுவாகத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று உதறும். ஹெலிக்கலுக்கு அது தேவையில்லை, உராய்வுதான் அதன் வேலையே. தட்டு வகையில் புதிதாகத் தட்டு போட்டிருந்தால் காலி இடத்தில் எட்டு போட்டு மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். சில நூறு கி.மீ. ஓடியதும் எண்ணெயை வடித்துவிடுங்கள், கன்னங்கரேலென்று வரும், பயப்பட வேண்டாம். பின்டயர்கள் இரண்டும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் நேர்ச்சாலையில்கூட இரண்டு ஆக்ஸிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், தட்டுகள் ஓயாமல் தேயும்.

பழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, கியர் போட்டுச் சுற்றவிடுவது பலரும் செய்வது. எல்எஸ்டி போட்டபின் அதைச் செய்தால் தரையிலிருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். இனிமேல் இரண்டு பின்சக்கரமும் ஸ்டாண்டில் ஏறியிருந்தால் மட்டுமே கியர்.