மிசௌரி தடுக்கவில்லை, ஃபெடரல் சட்டம் தடுக்கிறது: விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: ஹெச்-1பி வேலை விசாவில் கான்சஸ் சிட்டியில், மிசௌரி பக்கம் குடியிருக்கிறேன். மனைவி அதைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். எங்கள் அப்பார்ட்மென்ட் வளாகத்தில் அடிக்கடி கார் கண்ணாடியை உடைத்துத் திருடுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கான்சஸ் மாநிலத்து ஓவர்லாண்ட் பார்க்கில் இருக்கும் நண்பர் அமெரிக்கக் குடிமகன். தன்னிடம் உள்ள 9 எம்.எம். பிஸ்டலை எனக்கு விற்கத் தயாராக இருக்கிறார். "மிசௌரியில் தனியாளிடம் வாங்கினால் பின்னணிச் சோதனையே கிடையாது. மத்திய அரசின் ஃபெடரல் துப்பாக்கிச் சட்டம் இங்கே செல்லாது என்று மாநிலமே சட்டம் போட்டது. கோர்ட் அதைத் தடுத்தாலும் திருத்திய மசோதா மறுபடி வருகிறது" என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். ஷூட்டிங் ரேஞ்சுக்கும் நண்பர்களோடு போயிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த மசோதா நாளைக்கே சட்டமானாலும் இதே பதில்தான். உங்கள் அலுவலக நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. எனவே எந்தப் பாதி உண்மை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மிசௌரி மாநிலச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்களுக்குத் தடை இல்லை. துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர்கள் என்று 571.070 பிரிவு சொல்பவர்கள் பெருங்குற்றத் தண்டனை பெற்றவர், தலைமறைவாக இருப்பவர், வழக்கமாகப் போதையில் இருப்பவர், மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் தீர்மானித்தவர் ஆகியோர்தான். விசா என்ற பேச்சே அதில் இல்லை. 2017 ஜனவரி முதல் பெர்மிட் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லவும் மாநிலம் அனுமதிக்கிறது.

2021 ஜூன் 12 அன்று அன்றைய ஆளுநர் மைக் பார்சன் கையெழுத்திட்ட 'இரண்டாம் திருத்தப் பாதுகாப்புச் சட்டம்' இன்னும் ஒரு படி மேலே போனது. துப்பாக்கிகளுக்கான தனி வரி, பதிவு, உரிமையாளர்களைக் கண்காணிப்பது, 'சட்டத்தை மதிக்கும் குடிமகன்' துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுப்பது, பறிமுதல் என ஐந்து வகை ஃபெடரல் நடவடிக்கைகள் மிசௌரியில் செல்லாது என்று அது அறிவித்தது. அவற்றை அமல்படுத்த உதவும் உள்ளூர்க் காவல் துறைக்கு ஒவ்வொரு முறைக்கும் 50,000 டாலர் அபராதம். அந்தச் சட்டத்தில் 'சட்டத்தை மதிக்கும் குடிமகன்' என்பதற்கான வரையறையைக் கவனியுங்கள்: மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்; ஆனால் சட்டப்படி நாட்டில் இல்லாதவர் இதில் சேர மாட்டார். நீங்கள் சட்டப்படி இங்கே இருக்கிறீர்கள், மாநிலத் தடையும் உங்களுக்கு இல்லை. எழுத்துப்படி படித்தால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத நீங்களும் அந்தக் 'குடிமகன்' ஆகிவிடுகிறீர்கள்! இதைப் படித்துவிட்டு ஒருவர் கடைக்குப் போனால் அவரைக் குறை சொல்வது கஷ்டம். ஆனால் வழக்கு அவர் மேல்தான் வரும், சட்டம் எழுதியவர்கள் மேல் வராது.

ஃபெடரல் பக்கம் வருவோம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 922(ஜி)(5)(பி) பிரிவு: குடியேற்றம் சாராத விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1, பி-2 எல்லாம் இதற்குள் வரும். 2022 ஜூனில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. இதில் 'வாங்குவது' முக்கியமே இல்லை, 'வைத்திருப்பது'தான் குற்றம். பணம் கொடுக்காமல் அன்பளிப்பாக வாங்கினாலும், நண்பருடையதை ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தாலும் அதே பிரிவுதான். தெரிந்தே உங்களுக்குக் கொடுக்கும் நண்பர் மேல் 922(டி) பிரிவில் தனி வழக்கு. சிலர் கண்டுபிடிக்கும் அடுத்த வழி, குடிமகனான நண்பர் கடையில் தன் பேரில் வாங்கி இவரிடம் கொடுப்பது. அதற்கென்றே 2022இல் புதுக் குற்றப் பிரிவு வந்துவிட்டது. அதற்கும் 15 ஆண்டு வரை.

சிறைத் தண்டனையைவிட உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய அடி குடியேற்றச் சட்டத்தில்தான் இருக்கிறது. 922(ஜி)(5) பிரிவில் தண்டனை பெறுவது அந்தச் சட்டத்தின்படி 'கடுங்குற்றம்' என்று பெயர் சொல்லியே பட்டியலிடப்பட்டிருக்கிறது. நீதிபதி இரக்கப்பட்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டாலும் நாடு கடத்தலுக்கு அது போதும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடம் காத்திருந்தது அதோடு போகும்.

அப்படியானால் மாநிலம் 'செல்லாது' என்று சொன்னதற்கு என்ன மதிப்பு? இந்தியாவில் ஆயுதம், துப்பாக்கி, தோட்டா எல்லாம் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 5ஆம் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, சண்டைக்கே இடமில்லை. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது; ஒரே துப்பாக்கி மீது இரண்டு அரசுகளும் சட்டம் போடலாம். மோதல் வந்தால் அரசியலமைப்பின் 6ஆம் உறுப்பு ஃபெடரல் சட்டத்துக்கே முதலிடம் தருகிறது. மாநிலத்தின் கையில் உண்மையாக இருக்கும் ஆயுதம் வேறு. 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில், துப்பாக்கி வாங்குவோர் மீதான ஃபெடரல் பின்னணிச் சோதனைகளை நடத்தும்படி ஷெரிஃபுகள் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, 'எங்கள் போலீஸ் உங்களுக்கு வேலை செய்யாது' என்று மாநிலம் ஒதுங்கிக்கொள்ளலாம். 'உங்கள் போலீஸ் எங்கள் ஊரில் வேலை செய்யக்கூடாது' என்று சொல்ல முடியாது.

மிசௌரி இந்த இரண்டாவதைச் செய்யப்போய்த்தான் மாட்டியது. 2022 பிப்ரவரியில் ஃபெடரல் நீதித் துறை வழக்குப் போட்டது. 2023 மார்ச் 7 அன்று மாவட்ட நீதிபதி பிரையன் வைம்ஸ் முழுச் சட்டத்தையும் செல்லாது என்றார். அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்க அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2024 ஆகஸ்ட் 26 அன்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. உதவ மறுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு, ஆனால் ஃபெடரல் சட்டம் செல்லாது என்று அறிவித்து அதன் மேல் அந்த மறுப்பைக் கட்ட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதனால்தான் திருத்திய மசோதாக்களில் 'செல்லாது' என்ற அறிவிப்பைக் கழற்றிவிட்டு, உதவி மறுப்பை மட்டும் வைக்கப் பார்க்கிறார்கள். மிசௌரியின் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கி மே நடுவில் முடியும். அதற்குள் இரு அவைகளிலும் தேறி ஆளுநர் கையெழுத்தும் விழுந்தால், அவசரப் பிரிவு இல்லாத சட்டம் ஆகஸ்ட் 28 அன்று அமலுக்கு வரும். 2013இல் இதே வகை மசோதாவை அன்றைய ஆளுநர் ஜே நிக்சன் நிராகரித்தார். நிராகரிப்பை முறியடிக்கும் முயற்சி செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. திருத்திய வடிவம் நீதிமன்றத்தில் நிற்கவும் வாய்ப்பிருக்கிறது. நின்றால் உங்களுக்கு என்ன லாபம்? கான்சஸ் சிட்டி போலீஸ் உங்கள் பெயரை ஃபெடரல் ஏஜென்டிடம் சொல்லாமல் இருக்கலாம். அவ்வளவுதான். துப்பாக்கிக் குற்றங்களைப் பார்க்கும் ஏ.டி.எஃப் துறைக்குச் சொந்த ஏஜென்டுகள் இருக்கிறார்கள், வழக்கு நடத்த ஃபெடரல் வழக்கறிஞர் அலுவலகம் அதே ஊரில் இருக்கிறது.

'மாநிலச் சட்டத்தை நம்பித்தான் செய்தேன்' என்ற வாதம் எடுபடுமா என்று கேட்பீர்கள். உங்கள் நண்பர் இருக்கும் கான்சஸ் மாநிலத்திலேயே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. கான்சஸிலேயே செய்து கான்சஸிலேயே இருக்கும் துப்பாக்கி, உதிரிபாகங்களுக்கு ஃபெடரல் சட்டம் பொருந்தாது என்று 2013இல் அங்கே சட்டம் வந்தது. சானூட் என்ற சிற்றூரில் ராணுவ உபரிப் பொருள் கடைக்காரர் ஒருவர் அதை நம்பி, துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் செய்து விற்றார். வாங்கியவர் சந்தோஷத்தில் அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார், ஏ.டி.எஃப் வந்து சேர்ந்தது. பதிவு செய்யாத சைலன்சர் என்று இருவர் மேலும் வழக்கு. மாநிலச் சட்டத்தைக் காட்டி வாதாடினார்கள். மாநில அரசின் வாக்கு ஃபெடரல் அரசைக் கட்டுப்படுத்தாது என்று 2018இல் பத்தாவது வட்டார நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது; 2019இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. இருவரும் சிறைக்குப் போகவில்லை, கண்காணிப்புத் தண்டனையோடு தப்பினார்கள். குடிமக்களுக்கு அது தப்பித்தல். விசாவில் இருப்பவருக்கு அதே தண்டனை விமான டிக்கெட்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நீங்கள் மிசௌரி, நண்பர் கான்சஸ். ஸ்டேட் லைன் ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனாலே மாநிலம் மாறிவிடும். வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்குத் தனியாள் நேரடியாகத் துப்பாக்கி விற்பது, இருவரும் குடிமக்களாகவே இருந்தாலும், ஃபெடரல் குற்றம். 'தனியாள் விற்பனைக்குச் சோதனை இல்லை' என்பது ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் இருவருக்கு மட்டும்தான்.

ரேஞ்ச் விஷயத்தைக் கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுடும் அந்த அரை மணி நேரமும் 'வைத்திருப்பது'தான். உச்ச நீதிமன்றம் வரை போன 2019ஆம் ஆண்டு ரெஹைஃப் வழக்கு இப்படித் தொடங்கியதுதான்: ஃப்ளோரிடாவில் மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீங்கள் ஹெச்-1பியில் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? எனவே இனிமேல் போகாதீர்கள், ரேஞ்ச் படங்களைச் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். ஏற்கெனவே போனதைப் பற்றி யாராவது ஏஜென்ட் விசாரித்தால், 'வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை' என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபெடரல் அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம், இருக்கும் ஆதாரத்தை அழிப்பதும் தனிக் குற்றம். அடுத்த குடியேற்றப் படிவத்தில் 'எப்போதாவது குற்றம் செய்தீர்களா' என்ற வகைக் கேள்வி வந்தால், பதில் எழுதும் முன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் ஒரு வாசல் உண்டு. 922(ஒய்)(2) பிரிவின்படி, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை பெர்மிட் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. எந்த மாநிலத்து பெர்மிட்டாக இருந்தாலும் சரி. மிசௌரியில் வனவளப் பாதுகாப்புத் துறை அதைத் தருகிறது; 1967 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் துப்பாக்கி வேட்டைக்கான பெர்மிட் வாங்க வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதன் பிறகு, உரிமம் பெற்ற மிசௌரி டீலரிடம் மட்டும் போங்கள். தற்போதைய முகவரியுள்ள ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எண், வேட்டை பெர்மிட் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். வாங்குபவர் டீலரிடம் நிரப்பும் 4473 படிவத்தில் 'குடியேற்றம் சாராத விசாவில் அனுமதிக்கப்பட்டவரா' என்பதற்கு 'ஆம்', அடுத்து 'விலக்கு உண்டா' என்பதற்கும் 'ஆம்'. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டால் விலக்கு இருந்தும் பொய் வாக்குமூல வழக்கு வரும்.

வாசல் இருக்கிறது என்பதற்காக நுழையச் சொல்லவில்லை. மிசௌரியின் சிறு விலங்கு வேட்டை பெர்மிட் பிப்ரவரி கடைசி நாளோடு முடிகிறது. மார்ச் 1 காலையில் புதுப்பிக்காத பெர்மிட்டோடு வீட்டில் துப்பாக்கி இருந்தால், அன்றிலிருந்து குற்றம். மனைவிக்குத் தனி பெர்மிட் இல்லையென்றால், அவர் கைக்கு எட்டும் இடத்தில் நீங்கள் வைத்தாலே 'அவரும் வைத்திருந்தார்' என்று வாதிட இடமாகும். ஆகவே பெட்டகமும் அதன் எண்ணும் உங்களிடம் மட்டுமே. பெர்மிட் இல்லாமல் துப்பாக்கியோடு நடமாடலாம் என்ற மாநிலச் சலுகையை நம்பிப் பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் போனால் ஃபெடரல் பள்ளி எல்லைச் சட்டம் பிடிக்கும். இப்படி நடமாடுபவருக்கு அதிலிருந்து விலக்கு கிடைக்க மாநிலம் வழங்கிய உரிமம் வேண்டும், அந்த உரிமத்தை மிசௌரி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே தருகிறது. மிசௌரியில் 2022 முதல் சட்டபூர்வமான கஞ்சாவும் இதே கதை: ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் குற்றம் என்று 4473 படிவமே எச்சரிக்கிறது. கார் கண்ணாடி உடைவதற்காக இத்தனை கண்ணிகளையும் தாண்டுவது என் கணக்கில் தகாது. கேமராவும் வெளிச்சமும் கேட்டு வளாக நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

கிரீன் கார்டு கைக்கு வந்தபின் இந்த விசாத் தடை விலகிவிடும். அப்போதும் நண்பரின் பிஸ்டலை நேரே வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர் அதை மிசௌரி டீலர் ஒருவரிடம் கொண்டுவந்து கொடுக்கட்டும், நீங்கள் 4473 படிவத்தை நிரப்புங்கள், எஃப்.பி.ஐ. சோதனை முடிந்ததும் டீலர் கையிலிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். டீலர் அதற்கொரு கட்டணம் வாங்குவார். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.