ஆர்.டி. 1,000 ரூபாயில் தொடங்கலாமா?

சம்பளம் 18,000, வருவது 10ஆம் தேதி, சில மாதம் தாமதமாகும் என்கிறீர்கள், சகோதரி. அப்படியென்றால் மாதாமாதம் ஒரே தொகை கட்டும் அஞ்சலக ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) 1,000 வேண்டாம், 300 போதும்.

அது 60 மாதக் கணக்கு. தவணை தவறினால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது பெரிதில்லை. நான்கு தவணைக்கு மேல் விட்டால்தான் சிக்கல்: கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது. 3 வருடத்துக்கு முன்னால் மூடவும் முடியாது. அதன்பின் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். 12 தவணை கட்டி ஓராண்டு ஆனால், கட்டியதில் பாதிவரை கடன் உண்டு.

மீதி 700-ஐ வேறொரு வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைக் கணக்கில், சம்பளம் வந்த அன்றே போடுங்கள். ஜிபேயில் மட்டும் இணைக்காதீர்கள், இணைத்தால் மளிகைக்கடையிலேயே கரைந்துவிடும். சிலிண்டர், காய்ச்சல், பள்ளி நோட்டு எல்லாம் இதிலிருந்து. 5,000 சேர்ந்ததும் இன்னொரு ஆர்.டி. திறக்கலாம், பழையதில் தவணையைக் கூட்ட முடியாது.

கணக்கை 16ஆம் தேதிக்கு மேல் திறங்கள். ஒவ்வொரு தவணைக்கும் மாதக் கடைசி வேலைநாள்வரை அவகாசம் கிடைக்கும். 15க்குள் திறந்தால் கெடுவும் 15தான்.

பக்கத்துத் தெரு தீபாவளிச் சீட்டில் சேரலாமா என்கிறீர்களா? பதிவில்லாதது என்றால் தொடவே வேண்டாம்.