டிசம்பர் 17 மாலை தொடங்குங்கள்

கேள்வி: கணவர் கப்பலில் வேலை செய்கிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, பிப்ரவரியில்தான் வருவார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. அத்தை தினமும் முழுச் செபமாலை சொல்ல வேண்டும் என்கிறார்; பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள். முறுக்கு, கேக், புதுத்துணி என்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. மிச்சமிருக்கும் ஒரு வாரத்தையாவது வீட்டில் பக்தியாகக் கழிக்க வழி சொல்லுங்கள். 'அப்பா எப்போது வருவார்' என்று சின்னவள் தினமும் காலண்டரைப் பார்க்கிறாள்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியில் நின்றுவிட்டேன். காத்திருக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டுமே என்பதுதான் இந்தக் காலத்தில் எல்லாப் பெற்றோரின் கவலை. உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

போன இரண்டு வாரங்களை நினைத்து வருந்த வேண்டாம். டிசம்பர் 17 முதல் 23 வரையுள்ள 7 நாள்களைத் திருச்சபையே தனியாக எடுத்து வைத்திருக்கிறது. மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன், 'ஓ' என்று தொடங்கும் முன்மொழி என்னும் சிறு பாடல் வரியை நாளுக்கு ஒன்றாகப் பாடும் வழக்கம் 1,000 ஆண்டுகளுக்கும் மேலானது. ஒவ்வொன்றும் ஆண்டவரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. எல்லாவற்றின் முடிவிலும் ஒரே வேண்டுதல்தான்: வாரும்.

மாலையில் விளக்கை அணைத்துவிட்டுத் தாம்பாளத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றுங்கள். திருவருகைக் காலத்தின் ஞாயிறு ஒன்றுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்பது கணக்கு. 17 அன்று மூன்று. நான்காம் ஞாயிறு முதல் நான்கு. ஊதா நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளையே போதும். இந்த மெழுகுவர்த்தி வழக்கத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர், 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற போதகர். அவர் பழைய வண்டிச் சக்கரத்தில்தான் மெழுகுவர்த்திகளை நட்டுவைத்தார். 'கிறிஸ்துமஸ் எப்போது' என்று அந்தப் பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். உங்கள் சின்னவளைப் போலவே!

பிறகு அன்றைய நற்செய்தியை மகன் வாசிக்கட்டும். முதல் நாள் வாசகம் மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல். அத்தனை பெயர்களையும் கேட்டால் பெரியவர்களுக்கே கண் சொருகும். தாமார், ராகாபு, ரூத்து என்று நடுவில் வரும் பெண்களின் பெயர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 18 அன்று சூசையப்பரின் கனவு. அதை மகள் அப்பாவுக்குப் போனில் கதையாகச் சொல்லட்டும். 19 அன்று திருமுழுக்கு யோவானின் தந்தை சக்கரியா பேச்சிழந்த கதை. வாசித்து முடித்ததும் வீடு முழுவதும் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். சின்னப் பிள்ளைகள் இதை எவ்வளவு விரும்பிச் செய்வார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

20, 21 இரண்டு நாளும் அத்தையிடம் விட்டுவிடுங்கள். வானதூதர் மரியாவுக்கு வாழ்த்துச் சொன்னதும், மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போனதுமே அந்த நாள்களின் வாசகங்கள். செபமாலையில் தியானிக்கும் மகிழ்ச்சி மறையுண்மைகளில் முதல் இரண்டும் அவைதான். பிள்ளைகளை மடியருகே வைத்து, நாளுக்குப் பத்து மணி மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கட்டும். மீதியை அவர்கள் தூங்கிய பிறகு நீங்கள் அவரோடு உட்கார்ந்து முடியுங்கள். அத்தையின் செபத்தைக் குறைத்துவிட்டு இந்த வாரத்தை நடத்தப் பார்க்காதீர்கள். அது அவருக்கு மனவருத்தத்தையே தரும்.

21ஆம் தேதிதான் 'விடியலே' என்று பாடும் நாள். ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டி அது வருகிறது. அன்று பேச்சையும் குறைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே சற்று நேரம் கூடுதலாக உட்காருங்கள். அப்பா நினைவில் மகள் அழுதால் அழட்டும். 'வாரும்' என்று ஆண்டவரிடம் சொல்லும் நேரம்தானே அது? அவள் அழுகையையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

22, 23 அன்று மரியாவின் பாடலும் யோவானின் பிறப்பும். முறுக்கு மாவை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பிசையுங்கள். இந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. தினமும் ஒரு தாளில் ஓர் எழுத்தை மகன் எழுதிச் சுவரில் ஒட்டட்டும்: எஸ், ஏ, ஆர், சி, ஓ, ஆர், இ. அந்த ஏழு பெயர்களின் லத்தீன் முதலெழுத்துகள் இவை. 23 இரவு கடைசித் தாளிலிருந்து திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். 'எரோ கிராஸ்' என்று வரும். 'நாளை நான் இருப்பேன்' என்று பொருள். அதுவரை குழந்தை இயேசு சுரூபத்தை அலமாரியிலேயே வைத்திருங்கள். மறுநாள் இரவு சின்னவள் கையால் குடிலில் வைக்கட்டும். அவள் அப்பா போனில் பார்க்க முடிகிற நேரமாக அது அமைந்தால் இன்னும் நல்லது.