தயிரின் நான்கு நாட்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

பாலக்கோட்டில் வசிக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். தினமும் அரை லிட்டர் பாக்கெட் தயிர் வாங்குகிறோம். ஒன்பது வயது மகளுக்குத் தனியாகப் பழச்சுவை சேர்த்த கப் தயிர். மாதக் கணக்கை எழுதிப் பார்த்தபோது பகீரென்றது. வீட்டிலேயே உறை ஊற்றத் தொடங்கினேன். இரவு ஒன்பது மணிக்கு ஊற்றுகிறேன். சித்திரையில் விடிந்து பார்த்தால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மார்கழியில் பால் பாலாகவே இருந்தது. புளித்ததைக் கொட்டும்போது மனம் ஆறவில்லை. தயிர் செய்யும் மின்கருவி ஒன்று வாங்கிவிடலாமா? கொழுப்புக் குறைந்த பாலில் ஊற்றினால் நீர்த்துப்போகிறதே, அதற்கு என்ன வழி?

ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள தங்கைக்கு,

கருவி வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பால் வாங்குங்கள். அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய அரை கிலோ தயிர் கிடைக்கும். அதைவிடச் சிக்கனமான கருவி எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் விடையும் இருக்கிறது: அந்த இரவு ஒன்பது மணி. உறைமோரில் இருக்கும் நுண்ணுயிரிகள் பாலின் சர்க்கரையான லாக்டோஸை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏற ஏறப் பாலின் கேசீன் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிறது. 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இந்த வேலை மும்முரமாக நடக்கும், குளிரில் மந்தமாகிவிடும். சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடுகிறது. நீங்கள் ஒன்பதுக்கு ஊற்றியது அதிகாலை மூன்றுக்கே பதமாகி, நீங்கள் எழுந்திருக்கும்வரை புளித்துக்கொண்டே இருக்கிறது. கோடையில் காலையில் ஊற்றுங்கள். மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பாத்திரத்தை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஆடாமல் நின்றால் உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மார்கழிப் பாடத்தை நான் கற்றது தேன்கனிக்கோட்டையில். அரூரில் பிறந்தவள் நான். அங்கே என் அம்மா உறை ஊற்றிவிட்டு மறந்துபோனாலும் தயிர் உறைந்துவிடும். கல்யாணமாகி மேட்டு நிலத்துக்கு வந்த முதல் மார்கழியில் மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலையில் வெறும் பாலைப் பார்த்து அழுதிருக்கிறேன். நான்காம் நாள் என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசிக் குதிருக்குள் புதைத்து வைத்தார். தெலுங்கு பேசும் வீடு அது. மறுநாள் 'பெருகு' என்று சொல்லி என் கையில் கொடுத்தார். கத்தியால் வெட்டி எடுக்கும்படி இருந்தது. அரிசி சூட்டைக் கொடுக்காது, இருக்கும் சூட்டை வெளியே போகவிடாது, வேண்டியது அவ்வளவுதான். குதிர் இல்லாத வீட்டில் அரிசி டிரம் போதும். சப்பாத்தி வைக்கும் ஹாட் பாக்ஸும் போதும். வெந்நீரை ஊற்றி அதைச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள்.

நீர்த்துப்போவதற்குக் கொழுப்புக் குறைவு மட்டும் காரணமில்லை. பால் பொங்கியதும் இறக்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பொங்கிய பின் சிறு தீயில் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். நீர் கொஞ்சம் வற்றும் என்பது ஒரு பக்கம். அந்தச் சூட்டில் பாலின் மோர்ப்புரதங்கள் பிரிந்து கேசீனோடு ஒட்டிக்கொள்வதால், உறையும்போது வலை நெருக்கமாகி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சமன்படுத்திய பாலிலும் கெட்டித் தயிர் வரும். பிறகு விரலை விட்டால் சுகமாகச் சுடும் அளவுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறைமோரில் உள்ள உயிர் செத்துப்போகும். அரை லிட்டருக்குக் கோடையில் ஒரு தேக்கரண்டி, குளிரில் ஒரு மேசைக்கரண்டி உறைமோர். கூடுதலாக ஊற்றினால் தயிர் சீக்கிரம் புளித்து மணல் போல் திரியும்.

இப்போது கொட்டுவதைப் பற்றி. எனக்கு மிகவும் வலித்த வரி அதுதான். தயிரைக் கொட்டாமல் இருக்க அதன் வயதுக்கு ஏற்ற வேலையைக் கொடுக்க வேண்டும். முதல் நாள் தயிர் இனிப்பானது. அதை அப்படியே, எதுவும் சேர்க்காமல் குழந்தைகளுக்குக் கொடுங்கள். இரண்டாம் நாள் தயிர்சாதம், வெங்காயப் பச்சடி. மூன்றாம் நாள் அதை மத்தால் கடைந்து நீர்மோராக்குங்கள்; இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு மட்டும் கொஞ்சம் குறைவாக. நான்காம் நாள் புளிப்புக்குத்தான் மோர்க்குழம்பும் ராகிக் கூழும் காத்திருக்கின்றன. மேலும் புளித்தால் பச்சை மிளகாயைக் கீறி உப்போடு அதில் ஊறப்போட்டு வெயிலில் காயவையுங்கள், ஆடி வரைக்கும் மோர்மிளகாய்க்குக் கவலை இல்லை. மேலே தேங்கும் மஞ்சள் நீரையும் வடிக்க வேண்டாம். சுண்ணாம்புச்சத்தும் பி வைட்டமின்களும் அதில் இருக்கின்றன, சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் கொதித்தால் நல்ல நுண்ணுயிரிகள் போய்விடும், புரதமும் சுண்ணாம்புச்சத்தும் போகாது. ஆனால் தயிரில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை கண்டால் வழித்து எடுத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். அந்தத் தயிரை மட்டும் முழுவதுமாகக் கொட்டத்தான் வேண்டும்.

ராகிக் கூழில் மோர் ஊற்றிக் குடிப்பதை நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்டு விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது. கூடவே ஒரு கிண்ணம் தயிர் அல்லது மோர் சேர்ந்தால் வளரும் பிள்ளைக்கு அந்த நாளின் தேவையில் நல்ல பங்கு வந்துவிடும். இது எல்லா ஊருக்கும் நல்லது, நம் ஊருக்கு இன்னும் நல்லது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்த நீரால் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த எத்தனையோ பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உணவில் சுண்ணாம்புச்சத்து போதுமான அளவு இருந்தால் குடல் ஃபுளோரைடை உறிஞ்சுவது குறையும். அதற்காகத் தயிரை மருந்தென்று நினைத்துவிட வேண்டாம். ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சமையலுக்கு எடுப்பவர்கள் முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும்.

உங்கள் மகளின் கப்புக்கு வருகிறேன். மூடியை எறியும் முன் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எத்தனை கிராம் என்று படித்து ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அத்தனை தேக்கரண்டி சர்க்கரை. அதை உங்கள் கையால் தயிரில் போட மனம் வராது. அரை லிட்டர் பால் தயிரைப் பருத்தித் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் குளிர்பதனப் பெட்டிக்குள் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். கிரேக்கத் தயிர் என்று கூடுதல் விலைக்கு விற்பது இதுதான். மாம்பழக் காலத்தில் அதில் நன்றாகக் கனிந்த செந்தூரா ஒன்றை மசித்துக் கலந்துவிட்டால் சர்க்கரையை அவள் கேட்க மாட்டாள். மற்ற மாதங்களில் வாழைப்பழம், கொய்யா. முதல் வாரம் முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும்.

கடைசியாக உறைமோர். பாக்கெட் தயிரிலிருந்தே தொடங்கலாம், தடையில்லை. தினமும் உறையும் தயிரில் ஒரு கரண்டியை யாரும் வாய் வைக்கும் முன் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். நாளாக நாளாக நூல் நூலாக இழுத்தாலோ கசந்தாலோ பழைய உறையோடு மல்லுக்கட்டாமல் வேறு வாங்கிவிடுங்கள். உங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் வீடு இன்னும் இருந்தால் அங்கே கேளுங்கள். விளக்கு வைப்பதற்கு முன் போங்கள். இருட்டிய பிறகு உறைமோர் கொடுக்கப் பலர் தயங்குவார்கள்.

அன்புடன்,
அக்கா