ஜகார்த்தாவா, டோக்கியோவா? பரிசை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களுக்கு வினாடி வினா நடத்துகிறோம். இம்முறை இறுதிச் சுற்றில், 'உலகில் மக்கள்தொகை மிகுந்த நகரம் எது?' என்று கேட்டோம். ஓர் அணி டோக்கியோ என்றது. மதிப்பெண் கொடுத்துவிட்டோம். எதிரணி ஜகார்த்தா என்று சொல்லி, செய்தித்தாள் நறுக்கையும் கொண்டுவந்து காட்டுகிறது. பார்வையாளர்களில் ஒரு கல்லூரி மாணவர், 'இரண்டும் தவறு, சீனாவின் சோங்சிங்தான் சரி' என்கிறார். கோப்பை இன்னும் நூலக அலமாரியிலேயே இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது, ஐயா? இந்தச் சச்சரவைப் பார்த்த பெற்றோர் ஒருவர், 'எந்த ஊரில் எத்தனை பேர் இருந்தால் நமக்கென்ன?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.
வாசகர் வட்டச் செயலாளர், தென்காசி மாவட்டம்

பதில்: ஜகார்த்தா என்ற அணிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். டோக்கியோ அணிக்குக் கொடுத்ததைத் திரும்பப் பறிக்காதீர்கள். அதனால் இரண்டும் சமநிலைக்கு வந்தால் இன்னொரு கேள்வி கேட்டு முடிவு செய்யலாம்; அதற்கான கேள்வியைப் பின்னால் தருகிறேன். கல்லூரி மாணவர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பிசகு மாணவர்களிடம் இல்லை, கேள்வித்தாளில் இருக்கிறது. எந்த எல்லைக்குள், எந்த ஆண்டில், யார் எண்ணிய கணக்கு என்று சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

எதிரணி காட்டிய நறுக்கு எதைப் பற்றியதாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2025 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை தன் புதிய நகரமயமாதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் ஜகார்த்தா ஏறக்குறைய 4.2 கோடிப் பேருடன் முதலிடம். வங்கதேசத் தலைநகர் டாக்கா கிட்டத்தட்ட 3.7 கோடியுடன் இரண்டாமிடம். டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடம். இதற்கு முந்தைய 2018 அறிக்கையில் டோக்கியோ 3.7 கோடியுடன் முதலிலும் டெல்லி 2.9 கோடியுடன் அடுத்தும் இருந்தன. ஜகார்த்தா அப்போது முதல் இருபதுக்குள் கூட வரவில்லை. நம் பாடநூல்களிலும் பொது அறிவு நூல்களிலும் இருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய வரிசைதான்.

ஏழே ஆண்டுகளில் ஜகார்த்தாவில் மூன்று கோடிப் பேர் புதிதாகக் குடியேறிவிட்டார்களா? இல்லை. அங்கே நகர்ந்தது வேலிதான். முன்பெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி எதை நகரம் என்று சொல்கிறதோ, அந்த எண்ணையே ஐ.நா. பெரும்பாலும் வாங்கிப் போட்டது. ஒரு நாடு மாநகராட்சி எல்லையைச் சொல்லும். இன்னொரு நாடு புறநகர்களையும் சேர்த்துச் சொல்லும். அப்படி வந்த எண்களை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினார்கள். இப்போது எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோல். நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் குறைந்தது 1,500 பேர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டியிருந்து, மொத்தம் 50,000 பேரைத் தாண்டினால் அது ஒரு நகரம். அதிகாரிகள் வரைந்த கோடுகளுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. இந்த முறைக்கு ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020இல் ஒப்புதல் அளித்தது.

ஜகார்த்தாவின் ஆட்சி எல்லைக்குள் இருப்பது சுமார் 660 சதுர கிலோமீட்டர்; 2020 கணக்கெடுப்பில் அங்கே 1.05 கோடிப் பேர். ஆனால் எல்லையைத் தாண்டிய உடனே வயல் வந்துவிடுவதில்லை. கிழக்கே பெகாசி, மேற்கே தாங்கெராங், தெற்கே டெபோக், அதற்கும் தெற்கே போகோர் என்று வீடும் கடையும் தொழிற்சாலையுமாகவே போகிறது. இந்தப் புறநகர்கள் ஜகார்த்தா ஆளுநரின் கீழ் வருவதில்லை. சில மேற்கு ஜாவா மாகாணத்தையும் சில பாண்டென் மாகாணத்தையும் சேர்ந்தவை. காலையில் ரயிலேறி ஜகார்த்தாவில் வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் இங்கே ஏராளம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நாலைந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பம் போன்றது இந்த நகரம். ஐ.நா. இப்போது அடுப்பை எண்ணத் தொடங்கியிருக்கிறது.

டோக்கியோவின் கதை இன்னும் விசித்திரமானது. டோக்கியோ நகராட்சி என்ற ஒன்று 1943இலிருந்து இல்லை. அந்த ஆண்டில் நகரையும் அதைச் சுற்றியிருந்த மாவட்டத்தையும் ஒன்றாக்கி ஒரே பெருநகர அரசாக மாற்றிவிட்டார்கள். நகரின் நடுப்பகுதியான 23 வட்டங்களும் இன்று தனித்தனி மேயர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அவற்றில் மட்டும் எண்ணினால் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. பெருநகர அரசு முழுவதையும் எடுத்தால் 1.4 கோடி. ஆனால் அந்த அரசின் எல்லை, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே பசிபிக் கடலில் கிடக்கும் ஒகசவாரா தீவுகள் வரை போகிறது. அங்குள்ள மீனவரும் காகிதத்தில் டோக்கியோவாசிதான். பக்கத்து மாவட்டங்களான கனகாவா, சைதாமா, சிபா மூன்றையும் சேர்த்தால் நாம் பள்ளியில் படித்த 3.7 கோடி கிடைக்கிறது. புதிய கட்டக் கணக்கில் அடர்த்தி குறைந்த வெளிப் புறநகர்கள் உதிர்ந்துவிட, 3.3 கோடி மிஞ்சியது. உங்கள் டோக்கியோ அணி சொன்னது நேற்றுவரை ஐ.நா.வே சொன்ன பதில். அதற்காக மாணவர்களைத் தண்டிப்பது நியாயமாகாது.

இனி சோங்சிங். தென்மேற்குச் சீனாவில், சிச்சுவான் மாகாணத்திலிருந்து 1997இல் பிரித்து, பெய்ஜிங்கின் நேரடிப் பார்வையில் வைக்கப்பட்ட 'மாநகரம்' அது. பரப்பு ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கையைவிடப் பெரியது, தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். உள்ளே மலைத்தொடர்களும் நெல் வயல்களும் இருக்கின்றன. முப்பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கத்தில் பெரும்பகுதியும் இதற்குள்தான் வருகிறது. 2020 கணக்கெடுப்பில் இந்த எல்லைக்குள் 3.2 கோடிப் பேர். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் மைய மாவட்டங்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய ஒரு கோடிதான். 'நகராட்சி எல்லைக்குள் அதிக மக்கள் வாழும் இடம் எது' என்று கேட்டிருந்தால் அந்த மாணவர் சொன்னது சரியான விடை. அவருக்குக் கோப்பை வேண்டாம். ஒரு நல்ல புத்தகம் கொடுத்து, அடுத்த ஆண்டு கேள்வி தயாரிக்கும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒருவர் எழுந்திருந்தால் உங்கள் பாடு இன்னும் திண்டாட்டமாகியிருக்கும். 2015இல் உலக வங்கி, குவாங்சோ, ஷென்ஷென், ஃபோஷான், டோங்குவான் ஆகிய சீன நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்டதால் முத்து நதி முகத்துவாரமே டோக்கியோவை முந்திய உலகின் மிகப் பெரிய நகரப்பகுதி என்று அறிவித்தது. அவர்கள் கணக்கும் தப்பில்லை. வேலி வேறு, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெற்றோருக்கு. அவர் மத்திய அரசு ஊழியராகவோ ஓய்வு பெற்றவராகவோ இருந்தால் வேலை எளிது. வீட்டு வாடகைப் படிக்காக நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் எக்ஸ், 5 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்குள் இருந்தால் ஒய், மற்றவை இசட். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் இந்தப் படி அடிப்படைச் சம்பளத்தில் முறையே 24, 16, 8 விழுக்காடாகத் தொடங்கியது. சென்னை எக்ஸ் வகுப்பு. ஆனால் 2011 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் 46 லட்சத்துச் சொச்சம்தான். அந்த வேலியை வைத்துப் பார்த்தால் சென்னை ஒய் வகுப்புக்கு இறங்கியிருக்கும். நகரத்தையும் ஒட்டிய புறநகர்களையும் சேர்த்த 'நகரத் தொகுதி' என்ற கணக்கில் 86 லட்சம் வந்ததால் பிரச்சினையில்லை. புனேயின் கதை இதைவிடச் சுவாரசியம். மாநகராட்சிக்குள் 31 லட்சம். பக்கத்துப் பிம்ப்ரி சிஞ்ச்வட்டையும் பிறவற்றையும் சேர்த்தால் 50 லட்சத்தை மயிரிழையில் தாண்டியது. அந்த மயிரிழையால் 2015 ஏப்ரலிலிருந்து புனே எக்ஸ் வகுப்புக்கு ஏறியது. எந்த ஊரில் எத்தனை பேர் என்பது இப்படித்தான் சம்பளச் சீட்டு வரை வந்துவிடுகிறது.

சம்பளத்தோடு நிற்பதில்லை. நைஜீரியாவில் 2006இல் எடுத்த கணக்கெடுப்பு லாகோஸ் மாநிலத்தில் 91 லட்சம் பேர் என்றது. வடக்கே உள்ள கானோ மாநிலத்துக்கு 94 லட்சம். லாகோஸ் அரசு கொதித்துப்போய், தன் கணக்கில் 1.75 கோடி என்று அறிவித்தது. ஒரே மாநிலத்துக்கு, ஒரே ஆண்டில், ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம். அங்கே மத்திய வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடும் சூத்திரத்தில் மக்கள்தொகை ஒரு முக்கிய அளவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கொதிப்பு புரியும். ஒரு கோடிப் பேர் வாழும் ஊருக்குப் பள்ளியும் மருத்துவமனையும் திட்டமிடும் அதிகாரி, இந்த இரண்டு எண்களில் எதை எடுத்துக்கொள்வார்? அதற்குப் பிறகு நைஜீரியாவில் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தண்ணீர் என்பேன். ஜகார்த்தா கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. வடக்குக் கரையோரத்தின் சில பகுதிகள் சில பத்தாண்டுகளில் நான்கு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிட்டன. ஆற்று வண்டல் படிந்த மென்மையான நிலம் அது. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் போய்ச் சேராததால் வீடுகளும் விடுதிகளும் ஆலைகளும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சின. நீர் வெளியேறிய மண் அமுங்கியது. கடல் உள்ளே வராமல் தடுக்க எழுப்பிய சுவர்களுக்குப் பின்னால், கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த தெருக்களில் மக்கள் வாழ்கிறார்கள். 2019இல் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ தலைநகரைக் கிழக்குக் கலிமந்தானுக்கு மாற்றப்போவதாக அறிவித்ததற்குச் சொன்ன காரணங்களில் நகரின் சுமையும் ஒன்று. நுசந்தாரா என்று பெயரிட்ட அந்தப் புதிய தலைநகர் போர்னியோ தீவில் இருக்கிறது. அலுவலகங்களை அங்கே கொண்டுபோகலாம். நான்கு கோடிப் பேரைக் கொண்டுபோக முடியாது.

டோக்கியோவும் இதே குழியில் விழுந்து எழுந்த ஊர்தான் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அதன் கிழக்கிலுள்ள கோத்தோ வட்டத்தின் சில இடங்கள் 20ஆம் நூற்றாண்டில் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. காரணமும் அதேதான்: ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியது. 1956இலும் 1962இலும் சட்டம் போட்டு உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தினார்கள். ஆற்று நீரைக் கொண்டுவந்து மாற்று ஏற்பாடு செய்தார்கள். 1970களில் தாழ்வது பெருமளவு அடங்கியது. தாழ்ந்த நிலம் மறுபடி மேலே வரவில்லை, மேலும் தாழாமல் நின்றது.

ஜகார்த்தாவில் இதைச் செய்வது ஏன் கடினம் என்று கேட்டால், மறுபடி எல்லையிடமே வந்து நிற்க வேண்டும். நகரை வெள்ளக்காடாக்கும் சிலிவுங் ஆறு போகோருக்குத் தெற்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. அங்கே காடு அழிந்தால் ஜகார்த்தா ஆளுநரால் தடுக்க முடியாது. ஜகார்த்தாவின் குப்பை மலையாகக் குவிவது பந்தார் கெபாங்கில். அது பெகாசியில் இருக்கிறது. நாற்றம் ஒரு நிர்வாகத்துக்கு, குப்பை இன்னொன்றுக்கு. 4.2 கோடி என்ற எண்ணை ஐ.நா. வெளியிட்டதால் ஒரு பிரச்சினையும் தீர்ந்துவிடாது. ஆனால் 1.05 கோடிக்குத் திட்டம் போட்டுவிட்டு 'முடித்தோம்' என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டது.

டாக்காவைப் பற்றியும் ஒரு வரி: 2050க்குள் அது ஜகார்த்தாவையும் முந்தும் என்று அதே அறிக்கை கணித்திருக்கிறது. ஆற்று அரிப்பிலும் புயலிலும் நிலம் இழந்தவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும் ஊர் அது. இந்தக் கேள்வியின் விடை உங்கள் மாணவர்கள் நடுவயதை எட்டுவதற்குள் இன்னொரு முறை மாறக்கூடும்.

இனிமேல் கேள்வி தயாரிக்கும்போது ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். 'ஐ.நா.வின் 2025 அறிக்கைப்படி' என்று தொடங்குங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பாடத்திட்டம் எந்த நூலைச் சொல்கிறதோ அதில் உள்ளதை எழுதட்டும். நடப்பு நிகழ்வுப் பகுதியில் வந்தால் புதிய விடை. சமநிலை முறிக்க நான் தருவதாகச் சொன்ன கேள்வி இது: அந்த 2025 அறிக்கையில் முதல் பத்து இடங்களில் வரும் நகரங்களுள் ஆசியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றுதான், அது எது? விடை கெய்ரோ. மாணவர்கள் நியூயார்க் என்றோ லண்டன் என்றோ பொத்தானை அழுத்துவார்கள், பாருங்கள்.

இந்திய நகரங்களைப் பற்றிக் கேட்பதானால் ஒரு எச்சரிக்கை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடத்துவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவுகள் வரும்வரை டெல்லிக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் நாம் படிக்கும் புதிய எண்கள் எல்லாமே மதிப்பீடுகள். எண்ணிப் பார்த்தது 2011இல்தான். டெல்லி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2011இன் 1.68 கோடி என்பது தலைநகர் ஆட்சிப் பகுதிக்கு மட்டும்; நொய்டா, குருகிராம், காசியாபாத், ஃபரிதாபாத் எதுவும் அதில் இல்லை. மும்பையில் மாநகராட்சி எல்லைக்குள் 1.24 கோடி, தானே, நவி மும்பை முதலியவற்றைச் சேர்த்தால் 1.84 கோடி. ஆக, 'இந்தியாவின் பெரிய நகரம் மும்பையா டெல்லியா' என்ற கேள்வியை அடுத்த ஆண்டுப் பட்டியலில் வைத்திருந்தால், தயவுசெய்து இப்போதே அடித்துவிடுங்கள்.